நான் பாய்ந்த படம்

எங்கள் கல்லூரியின் விளையாட்டறைச் சுவரில் ஐந்து பேரின் படங்கள் மாட்டியிருக்கின்றன. பழைய மாணவர் சங்கம் தேர்ந்தெடுத்து, மேடையேற்றி, மாலை போட்டுக் கௌரவித்த ஐந்து விளையாட்டு வீரர்கள். நான்கு பேர் ஓடுகிறார்கள், உதைக்கிறார்கள், தலையால் முட்டுகிறார்கள். ஐந்தாவது ஆள் அடையாள அட்டைக்கு எடுத்த மூஞ்சியோடு, இரண்டு காதும் தெரிய முழித்துக்கொண்டிருக்கிறான். அதுதான் நான். நான்கு வருடம் கல்லூரிக்கும் இரண்டு வருடம் மாவட்டத்துக்கும் கோல் காத்தவன்.

"இதென்ன, கிளினிக் கார்ட்டுக்கு எடுத்த படமா?" என்று என் மனைவி கேட்டாள். கேட்க மாட்டாளா பின்னே.

கோல் காப்பவனுக்குப் படம் கிடையாது. யுத்தம் முடிந்த கையோடு நாங்கள் விளையாடிய நாட்களில், எங்கள் பக்கத்தில் ஆளுக்கொரு கைபேசிக் கமரா வந்திருக்கவில்லை. சிலாபத்திலிருந்து ஒரு ஸ்டூடியோக்காரர் பழைய படச்சுருள் கமராவோடு மோட்டார் சைக்கிளில் வருவார். கல்யாண வீடு, முதல் நற்கருணை, செத்த வீடு, உதைபந்தாட்டம், எல்லாவற்றுக்கும் அவர்தான். கோல் விழுகிற பக்கம் இருந்தால்தானே படம் விற்கும்? நாங்கள் வெல்கிற அணி. ஆகவே மனிதர் எப்போதும் எதிரணியின் கம்பத்தடியில்தான் குந்தியிருப்பார். நான் மறுமுனையில், சோளகக் காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்க, பின்னுக்கு ஆடுகிறவர்களைத் தொண்டை கிழிய ஏசிக்கொண்டு நிற்பேன். எத்தனை பந்தைப் பிடித்திருப்பேன், எத்தனையைத் தட்டிவிட்டிருப்பேன். ஒன்றைக்கூட அந்தக் கமரா காணவில்லை.

ஒரேயொரு தடவை கண்டது. அது கடைசி வருடத்து இறுதிப் போட்டி. கற்பிட்டிப் பக்கத்து அணியொன்று வந்திருந்தது. அதில் முன்னுக்கு ஆடுகிற ஒருவனை நினைத்தே நான் ஒரு கிழமையாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அன்றைக்கு ஸ்டூடியோக்காரர் நேரே வந்து என் கம்பத்தடியில் குந்தினார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "என்ன அண்ணே, எங்களைக் கைகழுவிட்டீங்களா?" என்றேன். அவர் சிரித்துவிட்டுக் கமராவைத் துடைத்தார். சும்மா சொல்லக் கூடாது, மனிதருக்கு ஆட்டம் தெரியும். இரண்டாம் பாதியில் அந்தக் கற்பிட்டிக்காரன் அடித்தான், நான் பாய்ந்தேன், பந்து உள்ளே போனது. அந்த ஒரு கோலில் தோற்றோம். நான் காற்றில் இருக்கும்போது கமரா கிளிக்கென்றது மட்டும் நன்றாகக் கேட்டது.

பிறகு முழங்கால் போய்விட்டது. இப்போது நான் ஐஸ் லொறி ஓட்டுகிறேன். மாம்புரியில் பொடியன்கள் பந்தடிக்கிற வெளியைத் தாண்டும்போதெல்லாம் லொறி தானாக மெதுவாகும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரம் கோல் காக்கிற பொடியனை மட்டும்தான் பார்ப்பேன். உதைக்கிறவன் தன் காலைத் தானே பார்க்கலாம். பாய்கிறவன் தன்னைப் பார்க்க முடியாது. நிலத்தை விட்டு எழும்பிய அந்தக் கணத்தில் நான் எப்படி இருந்தேன் என்று எனக்குத் தெரியாது. இனிமேல் பாயவும் போவதில்லை. ஒருக்கா, ஒரேயொருக்கா பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை வருடக்கணக்காக உள்ளே கிடந்தது.

அதனால்தான் சங்கத்துக்காரர்கள் "விளையாடுற நேரம் எடுத்த படமொன்று தாங்க" என்று கேட்டதும் எனக்கு அந்தக் கிளிக் சத்தம் ஞாபகம் வந்தது. ஸ்டூடியோ மூடி வெகுகாலம். பழைய படச்சுருள்களை எரித்துவிட்டார்களாம். அந்தப் படத்தை அன்று வாங்கியவன் ஒருவன்தான் இருந்தான். யார் வாங்குவான்? கோல் அடித்தவன்தான். அவனுக்கு இப்போது மதுரங்குளியில் டயர்க் கடை. ஒரு நாள் பகல் சந்தையில் ஐஸை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் லொறியை அவன் கடைக்கு முன்னால் நிறுத்தினேன்.

அவன் என்னைக் கண்டதும் வாயெல்லாம் பல்லாகிவிட்டது. தொந்தி அவனுக்கு முன்னால் வந்து என்னை வரவேற்றது. விஷயத்தைச் சொன்னேன்.

"ஈக்குது மச்சான். ஊட்ல மாட்டித்தான் ஈக்குது. வா."

கடைக்குப் பின்னால்தான் வீடு. சுவரில் பெரிய பிரேமுக்குள் அவன் இருந்தான். ஒல்லியாக, உதைத்த கால் இன்னும் இறங்காமல். அவனுக்கு முன்னால் பந்து. பந்துக்கு அப்பால், படத்தின் விளிம்பில், கையுறை மாட்டிய மூன்று விரல் நுனிகள். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

"மிச்சம் எங்க?"

"பிரேமுக்குக் கொள்ளல்ல மச்சான். பிரேம் கடைக்காரன் வெட்டவான்னு கேட்டான். நானும் ஓம்னு செல்லிட்டேன்."

"வெட்டின துண்டு?"

"அது அந்தக் கடையிலயே போச்சு மச்சான்." எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பிரேமைக் கழற்றி நிலத்தில் அடித்திருப்பேன். "உன்ட பிரேமுக்கு என்னையா வெட்டின?" என்று கத்தினேன். அடுப்படியிலிருந்து அவன் மனைவி பிளேன்டீக் கோப்பைகளோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. கதிரையில் உட்கார்ந்தேன்.

"கல்லூரிச் சுவருக்கில்லடா," என்றேன். "சுவருக்கு எந்த மூஞ்சியும் போதும். நான் எப்பிடிப் பாய்ஞ்சேன்னு பாக்கத்தான் வந்தேன். அதை நான் கண்டதே இல்ல."

 அவன் நடுவிலிருந்த சின்ன மேசையைத் தள்ளி வைத்தான். சாரத்தை மடித்துக் கட்டினான். முனகிக்கொண்டே தரையில் பக்கவாட்டாகச் சரிந்து படுத்தான்.

"என்னங்க இது?" என்றார் மனைவி.

"பேசாம இரி. அந்த அலுமாரிதான் கம்பம். மச்சான், பாத்துக்க. இந்தக் கால் மடங்கி ஈந்திச்சு. இல்ல, மத்தக் கால். முதுகு இப்பிடி வளைஞ்சு. வாய் தொறந்திச்சு, கண் பந்துலயே. நான் அடிச்ச பொறகு பந்தப் பாக்கல்ல, ஒன்னத்தான் பாத்தேன். அப்பிடிப் பறந்தாய்."

கையைத் தலைக்கு மேலே நீட்டினான். தொந்தி தரையில் ஒரு பக்கமாக வழிந்தது. நான் எழுந்து, சுற்றி வந்து, அவன் கால்மாட்டில் நின்று பார்த்தேன். கண் கலங்கி ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தேன். அவன் விரலுக்கும் அலுமாரிக்கும் நடுவில் ஒரு பந்து போகிற இடம் இருந்தது.

"கையை இன்னுங் கொஞ்சம் நீட்டுடா," என்றேன்.

அவன் கிடந்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"நீ இவ்வளவுதான் மச்சான் நீட்டின."