ரோஸ்மேரி பிடித்த நெபுலா

"அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று முணுமுணுத்தபடியே போல்ட்டை மூன்றில் ஒரு பங்கு திருப்புகிறார் ரோஸ்மேரி அக்கா. அடுத்த செபம், அடுத்த பங்கு. மூன்று செபம் முடிந்தால் ஒரு நிமிடம். போல்ட்டுக்கு ஒரு முழுச் சுற்று. கேமரா உட்கார்ந்திருக்கும் மேல்பலகை மயிரிழை அளவு எழும்பி, மேற்கே நகரும் நட்சத்திரங்களோடு தானும் நகர்கிறது. "வாச்சு பாக்க டார்ச் அடிச்சா கண்ணு கூசிரும் தம்பி. செபத்துக்கு என்னத்துக்கு வெளிச்சம்?"

திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது அவருடைய வேலை. பகலெல்லாம் அடுத்தவர் எலும்பு. அமாவாசையை ஒட்டி விடுப்பு கிடைத்தால் சித்தையன்கோட்டைப் பக்கம், கணவர் மிக்கேல்ராஜின் தோப்பு வீட்டு மொட்டை மாடி. கருவி என்று பார்த்தால் இரண்டு மாம்பலகை, ஒரு கதவுக் கீல், ஒரு போல்ட், பழைய கேமரா. கீலிலிருந்து எவ்வளவு தள்ளி போல்ட்டை முடுக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நாலு ஃபிலிம் ரோல் பாழாக்கிக் கண்டுபிடித்தார். அக்கா தம்பி என்று கூப்பிடும் நான், எங்கள் வம்சத்திலேயே முதல் பி.எஸ்ஸி., அதுவும் இயற்பியல். பூமி சுழலும் வேகத்தையும் போல்ட்டின் மரை இடைவெளியையும் வைத்துக் கணக்குப் போட்டேன். இருபத்து மூன்று சென்டிமீட்டர் வந்தது. ஸ்கேலால் அளந்தேன். இருபத்து மூன்றேதான்!

"நீ படிச்சுக் கண்டுபிடிச்சே, நான் கெடுத்துக் கண்டுபிடிச்சேன்" என்று சிரித்தார்.

கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் முதல் வருடமே அகப்பட்டது. ஓரியன் நெபுலா என்ற வாயு மேகத்துக்கு மூன்று தை மாதங்கள் போயின. இளஞ்சிவப்பாக, ஊதிவிட்ட சாம்பிராணிப் புகைபோல விழுந்த அந்தப் படத்தோடுதான் 1999 மாசியில் மாவட்ட அறிவியல் கண்காட்சிப் போட்டிக்கு வந்தார்.

"நல்லாருக்கும்மா. எந்தப் புத்தகத்துல வெட்டினது?" என்றார் நடுவர்.

"நான் எடுத்தது சார்."

"இந்த ரெண்டு பலகையை வச்சா?" நடுவர் சிரித்துக்கொண்டே, படத்துக்கு முன்னால் மேசையில் கிடந்த அட்டையில் 'நூலிலிருந்து எடுத்தது' என்று எழுதினார். போட்டியிலிருந்து படம் வெளியே போனது என்று அதற்கு அர்த்தம்.

அக்கா கைப்பையிலிருந்து நெகட்டிவ் துண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஆறு படங்கள்.

"முதல்ல நிக்கிறது யாரு?" என்றார் நடுவர்.

"எங்க வீட்டுக்காரவுக. பல்லு வெளக்குறாக."

இருட்டுப் படத்துக்கு ஓரம் தெரியாமல் படம் கழுவும் லேப்பில் ஒருமுறை நெபுலாவை நடுவாக வெட்டிவிட்டார்களாம். அதிலிருந்து, வெட்டுகிறவர்களுக்கு ஓரம் தெரியட்டும் என்று ஒவ்வொரு ரோலிலும் முதல் படம் பகலில். எதிரே யார் நிற்கிறாரோ அவர்.

சுற்றி நின்ற கூட்டம், கூடவே வந்திருந்த மிக்கேல்ராஜைத் திரும்பிப் பார்த்தது. அவர் வாயைப் பொத்திக்கொண்டார். "அண்ணே, வெளக்கியும் கரேல்னுதான் இருக்கு!" என்றார், நெகட்டிவில் கறுப்பாகத் தெரிந்த பல்லைப் பார்த்து, அக்காவோடு வேலை பார்க்கும் நர்ஸ் பொன்னழகு.

அக்கா சிரிக்கவில்லை. விரல் அடுத்த படத்துக்கு நகர்ந்தது. "இது கொசு கடிச்சப்ப. இது நாய் குரைச்சப்ப. பயத்துல செபத்தை வேகமாச் சொல்லிட்டேன், நட்சத்திரமெல்லாம் கோடா இழுத்திருச்சு. இது பலகையில கால் தட்டிருச்சு. இது அவுக வந்து காப்பி வேணுமான்னு கேட்டப்ப. ஆறாவதுதான் சார் நீங்க பாக்குறது. எந்தப் புக்குலயாச்சும் கெட்டுப்போனதையும் சேத்துப் போடுவாகளா?"

நடுவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தத் துண்டை இரண்டு முறை பார்த்தார். பிறகு அட்டையைத் திருத்தப் பேனா மூடியைத் திறந்தார்.

"இங்கிட்டுக் குடுங்க சார்."

பேனாவை வாங்கி, அவர் எழுதியதை இரண்டு கோடு போட்டு அடித்தார் அக்கா. அதன் கீழே பெரிய எழுத்தில் தன் பெயரை எழுதத் தொடங்கினார். 'ரோஸ்மே'யோடு அட்டை முடிந்துவிட்டது. கை நிற்கவில்லை, 'ரி'யை வெள்ளை மேசைவிரிப்பின் மேல் எழுதினார்.