மச்சான் வைத்த காவல்

எங்கள் சாய்ந்தமருதில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து குடியேறுவார். எங்கள் மூத்தவள் ராத்தாவைக் கட்டிய மச்சான் பெட்டியோடு கணினி அறிவையும் கொண்டுவந்தார். வந்த கிழமையே எங்கள் கணினியைத் திறந்து பார்த்து, "இதுக்குக் காவலே இல்லையே மாமி" என்று கவலைப்பட்டார். அதற்குப் பிறகு கணினி படுத்துவிட்டது. சுவிட்சைப் போட்டுவிட்டுத் தேங்காய் துருவிச் சம்பல் இடித்து முடித்தால்தான் திரையில் படம் தெரியும்.

யாரும் மச்சான் பேரை எடுக்கவில்லை. புது மாப்பிள்ளை சோற்றில் கல் கிடந்தால் அரிசி கழுவினவள் மேல்தான் பிழை என்பது உம்மாவின் சொல். வாப்பா கடற்காற்றின் உப்பைக் குற்றம் சொன்னார். உம்மா கரண்டு சரியில்லை என்றார்.

ராத்தாவுக்குத்தான் பொறுக்கவில்லை. கல்வியியல் கல்லூரிக்கு விண்ணப்பிக்க அன்று கடைசி நாள். பாதி நிரப்புவதற்குள் திரை உறைந்துவிடும்; மறுபடி முதலிலிருந்து. மச்சான் அசர் தொழப் போன நேரம் பார்த்து, உள்ளே என்னதான் ஓடுகிறது என்று தோண்டிப் பார்த்தாள். வைரஸ் புகாமல் காக்க மச்சான் போட்ட வைரஸ் கார்ட் மூன்று, ஒன்றையொன்று விடாமல் சோதனை போட்டுக்கொண்டிருந்தன.

"ஒரு வளவுக்கு மூணு காவல்காரன். ஒருத்தன மத்தவன் கள்ளன் எண்டு புடிக்கான்" என்று சிரித்தாள்.

"அப்ப ரெண்ட எடுத்துப்போடு ராத்தா."

அடுப்படிக் குசினியிலிருந்து உம்மாவின் குரல் வந்தது: "மருமகன்ட முகத்த முறிச்சிராத புள்ள!"

ராத்தா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீ கேம் போட்டிருக்காய்தானே?"

"ஒரு கார் கேம்தானே!"

"அது போதும்."

மச்சான் வந்ததும், "இவள்ட கேம்தான் மெசின இழுக்கிது" என்று முறையிட்டாள். பிறகு மெல்ல, "அதக் கழட்டக்குள்ள இந்தக் காவலுலயும் ரெண்டுக்கு லீவு குடுத்துப் பாப்பமா?" என்றாள்.

மச்சான் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ராத்தாவையும் பார்த்தார். "ஓம், குடுத்துப் பாப்பம்."

முதலில் போனது என் கார். பிறகு காவல் இரண்டும். கணினி எழும்பி ஓடியது. பொழுதுபட்டு மஃரிபு பாங்கு சொல்வதற்கு முன் விண்ணப்பமும் போய்ச் சேர்ந்தது. "எல்லாம் உன்னாலதான்டி" என்று உம்மா என் காதைத் திருகினார்.

தொழுதுவிட்டு வந்த மச்சான், உம்மா காணாமல் என் கையில் ஐஸ்கிறீம் ஒன்றை வைத்தார். "கோவமா மச்சி?"

இல்லை என்று தலையாட்டினேன். என் கேம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று நம்பிவிட்டு, எனக்கே ஐஸ்கிறீமும் வாங்கித் தருகிறாரே, இவ்வளவு ஒன்றும் தெரியாத மனிதரா என்று அவர்மேல் இரக்கப்பட்டபடியே தின்று முடித்தேன்.