கம்ப்யூட்டர் ஏறாத வள்ளம்

இரண்டு வருஷத்துக்கு முன், ஒரு மே மாத மத்தியானம். இராஜாக்கமங்கலம் கடற்கரையில், என் பள்ளித் தோழி வீட்டு வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்து பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

பெருமைக்குக் காரணம் இருந்தது. நாகர்கோவில் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறேன். கடலுக்குப் போகிறவர்கள் நெஞ்சில் கட்டிக்கொள்ளும் இதயத்துடிப்புக் கருவிக்கு ஒரு சிப் வடிவமைத்திருந்தேன். இதயத்துடிப்பு மெதுவான, மிக மெல்லிய மின்சைகை. அதைப் பெருக்கிக் காட்ட வேண்டும், பேட்டரியையும் தின்னக் கூடாது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு டிரான்சிஸ்டருக்கும் நீள அகலத்தைக் கையால் கணக்குப் போட்டால் மாதக்கணக்கில் ஆகும். நான் எழுதிய புரோகிராம் ஆயிரக்கணக்கான அளவுகளைத் தானே மாற்றி மாற்றிப் பார்த்து, என் நிபந்தனைகளுக்கெல்லாம் பொருந்துவதை ஒரே நாளில் எடுத்துக் கொடுத்துவிட்டது. இன்னும் நாலு நாளில் தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டும். அனுப்பிய பிறகு ஒரு கோடுகூட மாற்ற முடியாது. பிசகினால் ஒரு வருஷம் போச்சு.

கருவியை நெஞ்சில் கட்டும் பட்டை, மீன்பிடிக்கப் போகும் தோழியின் கணவருக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க, சிப் இல்லாத வெறும் பெட்டியோடு போயிருந்தேன். தோழி அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, மத்தியானம் வள்ளத்துல கெடக்க இரும்பத் தொட்டா கை பொள்ளிப் போவும். இது தாங்குமா?"

"எல்லாம் கம்ப்யூட்டர் பாத்தாச்சு மக்கா" என்றேன் கெத்தாக.

"உனக்க கம்ப்யூட்டரு வள்ளத்துல ஏறியிருக்கா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்ததும் கை சுட்டது. தோழி கேட்டது அப்போதுதான் உறைத்தது. வெப்பநிலை என்ற கட்டத்தை நான் தொடவே இல்லை! மென்பொருளில் அது வரும்போதே இருபத்தேழு டிகிரி என்றுதான் இருக்கும். ஏசி ஆய்வகத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அது உறுத்தவும் இல்லை.

நேரே கல்லூரிக்குப் போய், அறுபது என்று போட்டு ஓட்டினேன். திரையில் துள்ள வேண்டிய துடிப்பு நேர்கோடாகப் படுத்துவிட்டது. நல்லா இருக்கிற மனுஷனைச் செத்துப்போனதாகக் காட்டுகிற கருவி! வெட்கமாக இருந்தது. புரோகிராம் மேல் தப்பே இல்லை. மின்சாரத்தைக் குறை என்றேன், குறைத்தது. வெயிலைப் பற்றி நான் சொல்லவில்லை, அது பார்க்கவில்லை.

மழைக் குளிரிலும் உச்சி வெயிலிலும் சேர்த்தே தேற வேண்டும் என்று நிபந்தனையை மாற்றி எழுதினேன். இரண்டு நாள் தேடி வேறு அளவுகளைக் கொடுத்தது. பேட்டரிச் செலவு கொஞ்சம் கூடியது, கூடட்டும். கடைசி நாளில் அனுப்பினேன்.

சிப் வந்ததும் அதே வள்ளம், அதே வெயில். பெட்டியைக் கொதிக்கும் இரும்பின் மேல் வைத்து, ஒயரை மட்டும் தோழியின் கணவர் நெஞ்சில் ஒட்டினோம். ஒரு மணி நேரம் ஆகியும் கோடு துள்ளிக்கொண்டே இருந்தது.

"இப்ப ஏறியாச்சு ஏட்டி" என்றாள் தோழி.

என் புரோகிராமை இன்றும் முழுசாக நம்புகிறேன். ஆனால் அதற்கு நான் எழுதும் முதல் வரி இப்போதெல்லாம் வெப்பநிலைதான், அதை எழுதும்போது அந்த பஸ் கம்பியின் சூடு இன்னும் உள்ளங்கையில் தெரிகிறது.