எல்லா மெஷினுக்கும் ஒரே பதில்

அந்தக் கண் ஆஸ்பத்திரியில் அவருக்கு ஆமாஞ்சாமி என்று பட்டப்பெயர். இருபத்திரண்டு கம்ப்யூட்டர்களையும் ஒற்றை ஆளாகக் கட்டி மேய்ப்பவர். ஆனால் யார் எதைக் கேட்டாலும் தலையாட்டிவிடுவார். வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? மனைவி கேட்டு முடிப்பதற்குள் "சரி" என்பார். என்ன கேட்டாள் என்று பிறகு மகளிடம் விசாரிப்பார்.

மாதத்துக்கு ஒருமுறை எல்லா மெஷினின் அமைப்புகளையும் சரிபார்த்துப் புதுப்பிக்க வேண்டும். அதற்கென்று இருக்கும் புரோகிராம் கேள்வியாய்க் கேட்டுத் துளைத்தெடுக்கும். எந்த மொழி, எந்த நெட்வொர்க், டிஸ்க்கை முழுதாக அழிக்கவா, பிரின்டரைச் சேர்க்கவா என்று மெஷினுக்குப் பதினாலு கேள்வி. தட்டித் தட்டி விரல் தேய்ந்ததுதான் மிச்சம். ஒருநாள் பதில்களையெல்லாம் வரிக்கு ஒன்றாக ஒரு ஃபைலில் எழுதினார். கீபோர்டை விட்டுவிட்டு அந்த ஃபைலிலிருந்தே பதிலை வாங்கிக்கொள்ளும்படி கட்டளையில் ஓர் அம்புக்குறி போட்டார். திரையில் அது கொட்டும் பேச்சை இன்னோர் அம்புக்குறியால் வேறொரு ஃபைலுக்குத் திருப்பிவிட்டார். புரோகிராமுக்கு என்ன தெரியும்? விரல் சொன்னாலும் ஃபைல் சொன்னாலும் அதற்கு ஒன்றுதான். ஆறு வருடம் மனுஷன் காலாட்டிக்கொண்டு இருந்தார்.

போன வாரம் அதன் புதுப் பதிப்பு வந்தது. அழிக்கவா என்ற கேள்விக்கு முன்னால் புதிதாக ஒன்றைச் செருகியிருந்தார்கள்: கடிகாரத்தைத் தானாகச் சரிசெய்யவா? இவர் அதைப் படித்துப் பார்த்தாரா? எங்கே. பழைய ஃபைலையே ஊட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். டிஸ்க்குக்காக வைத்திருந்த 'வேண்டாம்' கடிகாரத்துக்குப் போயிற்று. பிரின்டருக்கு வைத்திருந்த 'ஆமாம்' டிஸ்க்கின் தலையில் விழுந்தது. திரையில் ஒரு வரியும் வரவில்லை. வராமல் செய்தவரே அவர்தானே. திரும்பி வந்து அதன் பேச்சு போய்ச் சேரும் ஃபைலைத் திறந்தால், "அழிக்கவா? ஆமாம். அழித்தாயிற்று" என்று இருபத்திரண்டு முறை ஒழுங்காக எழுதியிருந்தது.

இருபத்தொரு மெஷின்களின் வேலை பொது சர்வரில் பத்திரமாக இருந்தது. பதிவறை அக்காவின் மெஷின்தான் போச்சு. மாற்றுக் கண்ணுக்குக் காத்திருக்கும் முந்நூற்று நாற்பது பேரின் வரிசை அதில் மட்டும்தான் இருந்தது. சர்வர் ஆமை வேகத்தில் திறக்கிறது, என் மெஷினிலேயே வைத்துக்கொள்ளட்டுமா என்று அக்கா கேட்டபோது சரி என்றவர் யார்? சாட்சாத் இவரேதான்.

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

"மீட்டுரலாம்னு பார்த்தேங்கா. அது மேலயே புதுசா எழுதிடுச்சு."

"கேஸ் தாள்ல பதிஞ்ச தேதி இருக்கு தம்பி. ஆனா வரிசை தேதிப்படி இல்லையே. டாக்டர் ஒவ்வொருத்தர் நிலைமையையும் பார்த்து மேல கீழ மாத்துவார்."

"முதல் பத்துப் பேராவது ஞாபகம் இருக்காக்கா?"

"நேத்துகூட முப்பது பேரை மாத்தினார். அவர் சொல்லச் சொல்லத் தட்டினேன், அவ்வளவுதான். அவருக்கும் ஞாபகம் இல்லையாம்." அக்கா குரலைத் தாழ்த்தினார். "காலைல தானமா ரெண்டு கண்ணு வந்திருக்கு. நாளைக்குள்ள வெச்சாகணும். யாருக்குன்னு கேட்கிறாங்க."

முந்நூற்று நாற்பது பேரையும் ஒரே நாளில் மறுபடி பரிசோதிப்பது ஆகிற காரியமா? வேறு வழி தெரியாமல் ஆமாஞ்சாமி ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு, பரிசோதனைக்கு வந்து பெஞ்சில் காத்திருந்தவர்களிடம் போனார். மாற்றுக் கண் வரிசையில் உங்கள் எண் எத்தனை என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். பாதிப்பேருக்குத் தெரியவில்லை. எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது, நீங்கள் நினைவு வைத்துக்கொள்ள வேண்டாம் என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தார்களாம்.

கடைசி பெஞ்சில் ஒருவர், கறுப்புக் கண்ணாடி போட்ட மகளின் கையைப் பிடித்தபடி எழுந்து நின்றார்.

"நம்பரெல்லாம் தெரியாது சார். போன தடவை நர்ஸம்மா சொன்னாங்க, அடுத்தது உங்க பொண்ணுதான்னு."

அவர் முகத்தையே இவர் பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லும் முகமாக இல்லை. அதற்கு முன் அதையே சொன்ன மூன்று பேரின் முகமும் அப்படி இல்லை. குனிந்து, தாளில் 'அடுத்தது' என்று நாலாவது முறையாக எழுதினார்.