கழற்றிய லேம்ப்

இத்தனை வருடமும் என் டிவி ரிப்பேர் கடை அலமாரியின் மேல்தட்டில், பனியன் துணியில் சுற்றிய ஒரு டிவி லேம்ப் இருந்தது. இன்றைக்கு மாட்டினாலும் பளிச்சென்று எரியும். அதுதான் எனக்குப் பயம்.

அருள்புரத்தில் ஒரு சாயப்பட்டறை மாஸ்டர் வீட்டில் கழற்றியது. ஹெச்.டி. டிவி புதிதாக வந்த காலம். அப்போது பீரோ மாதிரிப் பெரிய பெட்டிக்குள் லேம்ப்பும் கண்ணாடியும் வைத்து, பின்னாலிருந்து திரையில் படத்தை விழவைக்கும் டிவிகள் இருந்தன. மாஸ்டர் ஆசை ஆசையாக ஒன்றை வாங்கினார். கேபிளில் வரும் கலங்கல் படத்தை அதுவே சீர்செய்து, விட்டுப்போன இடத்தை ஊகித்து நிரப்பிக் காட்டும். அவர் கதை பார்க்கிற ஆள் இல்லை, நிறம் பார்க்கிற ஆள். விளம்பரத்துச் சட்டையைப் பார்த்து, "செவப்பு ஒரு சிட்டிகை கூடிப்போச்சுங்க தம்பி" என்பார். இரண்டு சிவப்புக்கு நடுவே மூன்றாவது சிவப்பைக் கண்டுபிடிக்கிற கண். பட்டறையே அந்தக் கண்ணை நம்பித்தான் ஓடியது.

ஒருநாள் கூப்பிட்டனுப்பினார். "ஓரமெல்லாம் இருட்டாத் தெரியுதுங்க தம்பி. நாலு பக்கமும் மடிச்சு வெச்சாப்பல." அந்த வகை டிவியைப் பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தால் படம் மங்கும் என்பதால் நான் வேறெதுவும் நினைக்கவில்லை. நாற்காலியை நடுவுக்கு நகர்த்தினேன், கண்ணாடியைத் துடைத்தேன், பிரைட்னஸை ஏற்றினேன். மாதம் தவறாமல் கூப்பிட்டார். எனக்கும் அவர் மனைவிக்கும் படம் மூலைக்கு மூலை சுத்தமாகத் தெரிந்தது. "பட்டறையில கொறை கண்டு பத்தாம ஊட்டுலயும் ஆரம்பிச்சுட்டாருங்க" என்று அந்த அம்மா கிண்டல் செய்தார். கடைசியில் புது லேம்ப் மாட்டினேன். "இப்பச் செரியாப் போச்சுங்க" என்று எழுந்தவர், வாசல் நிலையில் தோளை இடித்துக்கொண்டார்.

கடைக்கு வந்து பழைய லேம்ப்பைச் சோதித்தேன். ஒரு குறையும் இல்லை. கோளாறு டிவியில் இல்லை என்பது அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் சாய மாஸ்டரிடம் போய்க் கண்ணைக் காட்டுங்கள் என்று யார் சொல்வது? விஷயம் பட்டறைக்குத் தெரிந்தால் அவர் பிழைப்பு என்னாகும்? இப்படியெல்லாம் நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

இரண்டு வருடம் கழித்து, அவர் நிறம் பார்த்துச் சரி சொன்ன ஒரு லாட் துணி முழுக்க நிறம் மாறிப்போனது. அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் போனார்கள். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு பட்டுப்போயிருந்ததாம். போன பார்வை திரும்பாது, முன்பே வந்திருந்தால் மிச்சத்தைக் காப்பாற்றியிருக்கலாம், இது பிள்ளைகளுக்கும் வரலாம், கூட்டி வந்து காட்டுங்கள் என்றாராம். நான் பார்க்கப் போனபோது மாஸ்டர் என் கையைத் தடவிப் பிடித்தார். "லேம்ப் மாத்திக் குடுத்தீங்களே, கடைசியா நாலு படம் நல்லாப் பாத்தனுங்க." குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுக்கவில்லை, குத்தியது.

இன்று காலை அவர் மகன் போன் செய்தான். அதே பட்டறையில் இப்போது அவன்தான் மாஸ்டர். வீட்டுச் சுவரில் புது எல்.இ.டி. டிவி. அதில் லேம்ப்பும் கிடையாது, கண்ணாடியும் கிடையாது.

"ஓரமா இருட்டடிக்குதுங்கண்ணா. ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க."

"டாக்டர் அன்னிக்குச் சொன்னாரே, கண்ணக் காட்டுனீங்களா கண்ணு?"

"எனக்கென்னுங்கண்ணா, நல்லாத்தான் தெரியுது. டிவிதான் செரியில்லீங்க."

ஸ்க்ரூடிரைவர் பையை இன்று எடுத்துப் போகப்போவதில்லை. அந்த லேம்ப்பை மட்டும் இறக்கி, தூசு தட்டி, அவனிடம் எரியவிட்டுக் காட்ட வண்டியில் வைத்திருக்கிறேன்.