கரோலின் மேடமும் என் இடது கண்ணும்

எனக்கு இடது கண் கிடையாது. எப்படிப் போச்சு என்று கேட்கிறவர்களுக்கு ஆளுக்கொரு கதை சொல்லி அனுப்பிவிடுவேன். இங்கே மட்டும் நடந்ததை எழுதுகிறேன். ஆனால் இது என் கதை இல்லை, கரோலின் மேடத்தின் கதை.

தொண்ணூற்றெட்டில் அன்னூர் ரோட்டில் ஒரு கல்லூரியில் மேடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். டாக்டர் பட்டம் வாங்கியும் போதவில்லை, அதற்கு மேலும் இரண்டு வருஷத்துக்கு ஒரு இடம். கம்ப்யூட்டருக்குள் நரம்பு செல்கள் மாதிரி நானூறு புள்ளிகள், அவற்றுக்குள் குறுக்கும் நெடுக்குமாக இணைப்புகள். ஒரு புள்ளியில் வலிப்பைக் கிளப்பிவிட்டு, அது எந்த வழியாக மொத்த வலையையும் பிடிக்கிறது என்று பார்ப்பார். ஒரு ஓட்டம் முடியப் பதினோரு நாள். நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. அதற்காகத்தான் கோட்டைமேட்டில் பேட்டரி கடை வைத்திருந்த என்னைக் கூப்பிட்டு யு.பி.எஸ். போட்டார்கள்.

"அடங்கப்போற நேரந்தான் மோசம் பாய்," என்று ஒருநாள் திரையைக் காட்டினார். "அப்ப வெளிய இருந்து ஒரு தட்டுத் தட்டினாப் போதும், திருப்பி வெடிக்குது. வலிப்பு வந்தவங்களை அமுக்கிப் புடிக்கவே கூடாதுங்க."

"கையில இரும்பு குடுக்கலாமுங்களா?"

"இரும்புக்கும் மூளைக்கும் என்னங்க பாய் சம்பந்தம்?" என்று சிரித்தார்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் தெருவில் யாருக்காவது வலிப்பு வந்தால் சாவிக்கொத்தோடு ஓடுகிற முதல் ஆள் நான். படித்த திமிர் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் தம்பி வின்ஸ்டனுக்கு வலிப்பு உண்டு. லேத் பட்டறையில் வேலை பார்த்த உடம்பு, இரண்டு ஆள் பலம். வலிப்பினால் வேலை போய், அக்காவுக்குச் சாப்பாடு கொண்டுவருவதே வேலையாகிவிட்டது. வெளியாளை அந்த அறைக்குள் விடக்கூடாது என்பது கல்லூரிச் சட்டம். மேடம் விட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை மேடம் திரை முன்னால் இருந்தார், நான் பேட்டரி ஸ்டாண்டின் போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தேன். தூக்குப்பாத்திரத்தோடு உள்ளே வந்த வின்ஸ்டன் அப்படியே விறைத்து, மேஜை விளிம்பில் முகம் மோத விழுந்தான். உதடு கிழிந்து ரத்தம். தலை தரையில் டம் டம்மென்று அடித்தது. நான் ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஓடி, அவன் நெஞ்சில் முழங்காலை ஊன்றித் தோளை அமுக்கினேன். மேடம் சொன்னது ஒன்றும் அப்போது என் மண்டையில் இல்லை. துடிப்பு குறைந்தது. குறையக் குறைய நான் இன்னும் அழுத்தினேன்.

அவன் கண்ணைத் திறந்தான். அந்தக் கண்ணில் என்னைத் தெரிந்த அடையாளமே இல்லை. அவன் கை உயர்ந்ததைப் பார்த்தேன். ஒரு முழ நீள ஸ்பேனர். முதல் அடியில் கண் போனது. இரண்டாவது அடியில் கன்ன எலும்பு. மூன்றாவதை மேடம் தன் கையால் தடுத்தார். அவர் மணிக்கட்டு முறிந்த சத்தம்தான் எனக்குக் கடைசியாகக் கேட்டது.

ஆஸ்பத்திரியில் விழித்தபோது கொலை முயற்சி வழக்கு தயாராக இருந்தது. என் வாக்குமூலம் ஒன்றுதான் பாக்கி. 'கீழே கிடந்த ஸ்பேனரை அவனே எடுத்து அடித்தான்' என்று சொன்னால் ஏழு வருஷமாவது உள்ளே இருப்பான். எடுத்ததை நான் பார்க்கவில்லை. ஆனாலும் சொல்வதென்று முடிவுசெய்திருந்தேன். அவன் ஜெயிலில் அழுக வேண்டும் என்று மனதார ஆசைப்பட்டேன்.

போலீஸ் அவனைப் பிடிப்பதற்குள் என் மச்சான் ரசாக் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய், வின்ஸ்டனை வீட்டுக்கு வெளியே இழுத்துப் போட்டு, முன்பல் நான்கை உடைத்துவிட்டு வந்தான். எதற்கு அடிக்கிறார்கள் என்றே தெரியாமல் அடி வாங்கினானாம். எனக்கு இனித்தது.

மறுநாள் காலை மேடம் வந்தார், கையில் மாவுக்கட்டோடு.

"பாய், ஸ்பேனரை அவன் எடுக்கலீங்க. நாந்தான் கையில வெச்சேன்."

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.

"சின்ன வயசில அவனுக்கு வந்தா, சாவிக்கொத்தை எடுத்தாந்து கையில வெக்கிறது என் வேலைங்க. இருபது வருஷம். அன்னைக்கும் கை தானாப் போயிருச்சு. எங்க புரொபசர் வாயைத் தொறக்காதேன்னாரு. தொறந்தா இந்த எடமும் போயிரும், அடுத்து ஜெர்மனியில கெடச்சிருக்கிற எடமும் போயிரும்னாரு. அஞ்சு நாள் சும்மா இருந்துபோட்டேனுங்க."

பக்கத்தில் இருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்து அவர் முகத்தில் எறிந்தேன். நெற்றி பிளந்தது. துடைக்கக்கூட இல்லை, அப்படியே நின்றார்.

"உங்களுக்குத் தெரியுமில்லீங்க? நீங்கதானே எனக்குச் சொன்னீங்க?"

"தெரியுமுங்க," என்றார். "அமுக்காதீங்கன்னு உங்களுக்குந்தான் தெரியும்."

அந்த ஒரு வார்த்தைக்காக அவரை இன்னொரு முறை அடித்திருப்பேன். எழ முடியவில்லை. அவர் சொன்னதில் பொய்யும் இல்லை.

இன்ஸ்பெக்டர் வந்தபோது மேடம் நெற்றி ரத்தத்தோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். நானும் சொன்னேன்: நான் அமுக்கினேன், இவர் கொடுத்தார், அவனுக்கு ஒன்றும் தெரியாது. சொல்லும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன். வின்ஸ்டன் மேல் இருந்த வழக்கு விழுந்தது. ஒரே வாரத்தில் மேடத்தின் இடம் போனது, ஜெர்மனியும் போனது.

அவர் ஆராய்ச்சியை விடவில்லை. பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வீட்டிலேயே ஓட்டத் தொடங்கினார். நான் வலியப் போய் பேட்டரி போட்டுக் கொடுத்தேன். ஏன் போனேன் என்று என் பெண்டாட்டி ஆமினா இன்றுவரை கேட்கிறாள்.

அடுத்த வருஷம் ஒரு மத்தியானம், பேட்டரியை இறக்க வின்ஸ்டன் ஒரு கை பிடித்தான். இறக்கி வைத்த கையோடு அவர்கள் வாசலிலேயே விழுந்தான். கூட்டம் கூடிவிட்டது. ஒருத்தன் காலைப் பிடித்தான், அவனை எட்டி உதைத்தேன். ஒருத்தன் சாவிக்கொத்தை நீட்டினான், செவிட்டில் ஒன்று விட்டேன். இன்னொருத்தன் என் சட்டையைக் கிழித்து மூக்கில் குத்தினான். ரத்தம் ஒழுக, வின்ஸ்டனைச் சுற்றி ஒருத்தனையும் அண்டவிடாமல் நின்றேன்.

மேடம் தம்பிக்கு எட்டின தூரத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேலே உட்கார்ந்திருந்தார். அழுதுகொண்டிருந்தார்.

நான்கு நிமிஷம். தானாக அடங்கியது. வின்ஸ்டன் எழுந்து உட்கார்ந்து பேந்தப் பேந்த விழித்தான். தெளியும்வரை அவனுக்குப் பழசு எதுவும் ஞாபகம் இருக்காது. என் முகத்தையே பார்த்தான்.

"ஏனுங்க பாய், உங்க கண்ணுக்கு என்னாச்சுங்க?"

மேடம் என்னைப் பார்த்தார்.

"பேட்டரி வெடிச்சிருச்சு தம்பி," என்றேன். "நீ தண்ணி குடி."