எட்டு மணிப் படம்

நான் பொய் சொன்னேன். வாரத்துக்கு ஆறு பொய், அதுவும் படத்தோடு. ஏன் சொன்னேன் என்று கேட்டுவிட்டு அப்புறம் யார் வேண்டுமானாலும் என்னைத் திட்டிக்கொள்ளலாம்.

என் மகள் அப்போது பத்தாம் வகுப்பு. அறந்தாங்கியில் ஒரு தனியார் பள்ளி. எங்கள் ஊரிலிருந்து ஏழு கிலோமீட்டர். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் அந்தப் பள்ளிக்கு 'டைம் மேனேஜ்மென்ட்' என்ற காய்ச்சல் வந்தது. யாரோ ஒருவரைக் கூட்டி வந்து பிள்ளைகளுக்கு ஒரு நாள் வகுப்பு எடுத்தார்கள். மறுநாள் ஆளுக்கொரு அட்டவணையை அச்சடித்துக் கொடுத்தார்கள். காலை நாலரைக்கு எழ வேண்டும். இரவு ஏழிலிருந்து பத்து வரை படிக்க வேண்டும். அந்த மூன்று மணி நேரமும் வீட்டில் போன் அணைந்திருக்க வேண்டும். எட்டு மணிக்கு மட்டும் அம்மா அதை எடுத்து, பிள்ளை மேஜையில் உட்கார்ந்து படிப்பதைப் படம் பிடித்து, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு மறுபடி அணைத்துவிட வேண்டும். திங்கள் முதல் சனி வரை இதுதான் சட்டம்.

எங்கள் வீட்டில் எட்டு மணி என்றால் வேறு அர்த்தம். என் கணவர் குவைத்தில் ஏசி மெக்கானிக். அவர் வேலை முடிந்து அறைக்கு வரும்போது அங்கே ஐந்தரை, இங்கே எட்டு. அறையில் ஆறு பேருக்கு ஒரே அடுப்பு. ஐந்தரையிலிருந்து ஆறரை வரை அவர் முறை. உடனே சாப்பிட்டுப் படுத்தால்தான் விடிகாலையில் வேலைக்கு வண்டி ஏற முடியும். ஆக, சோறு வேகிற அந்த ஒரு மணி நேரம்தான் என் மகளுக்கு அப்பா. போனை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு அவர் வெங்காயம் நறுக்குவார். இவள் இங்கிருந்து அன்றைய பாடத்தைச் சொல்லிக்காட்டுவாள். அவர் ஐடிஐ படித்தவர். மின்சாரப் பாடம் என்றால் அவரே வாத்தியாராகிவிடுவார். மற்ற பாடங்களில் "ஏன் அப்புடி?" என்று கேட்டுத் தொல்லை கொடுப்பார். அவருக்குப் புரிய வைப்பதற்குள் இவளுக்குப் புரிந்துவிடும். ஊருக்கு வந்து இரண்டு வருடத்துக்கு மேலாகியிருந்த மனிதர், மகளை வளர்த்ததெல்லாம் அந்த அடுப்படியில் நின்றுதான்.

அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. குழுவில் இருந்த இன்னொரு பிள்ளையின் அம்மா தனியாகக் கூப்பிட்டு வழி சொன்னார். "ஞாயித்துக்கெழம ஒரே மூச்சுல ஆறையும் எடுத்துருங்கக்கா. சட்டைய மட்டும் மாத்தி மாத்திப் போட்டுவிடுங்க. நாங்க எல்லாம் அப்புடித்தான்."

ஜன்னலைச் சாத்தி, பட்டப்பகலில் டியூப் லைட்டைப் போட்டு, ஆறு உடுப்பில் ஆறு படம் எடுத்தேன். சனிக்கிழமைப் படத்துக்கு ரெட்டை ஜடை. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். தினமும் எட்டு மணிக்கு ஒன்றைக் குழுவில் தள்ளிவிட்டு, அவர் அழைப்புக்குப் போனை அவளிடம் கொடுத்துவிடுவேன். மூன்று வாரம் ஜோராக ஓடியது.

நான்காவது வாரம் புதன்கிழமை மழையும் காற்றும் அடித்து ஏழு மணிக்கே சுற்றுவட்டாரம் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. என் புத்தியைப் பாருங்கள். மெழுகுவர்த்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பளீரென்று லைட் எரிகிற புதன்கிழமைப் படத்தைக் குழுவில் போட்டேன். நான் மட்டுமல்ல, பத்தொன்பது வீடுகளிலிருந்து பத்தொன்பது டியூப் லைட்டுகள். வகுப்பாசிரியை ஒரே வரிதான் எழுதினார்: "எல்லார் வீட்லயும் இன்வெர்ட்டர் வாங்கிட்டீங்களா?"

மறுநாள் தண்டனை வந்தது. மாட்டிய பத்தொன்பது பிள்ளைகளும் இனிமேல் இரவு ஒன்பது மணி வரை பள்ளியிலேயே உட்கார்ந்து படிக்க வேண்டும். சனிக்கிழமை பெற்றோர் வந்து சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். எட்டு மணி போயிற்று என்று அர்த்தம். அன்று இரவு கணவரிடம் சொன்னேன். "கையெழுத்துப் போட்டுரு. பாப்பா படிப்பு கெட வேணாம். நான் எப்பயாச்சும் பேசிக்கிறேன்" என்றார். எனக்குப் பள்ளியின் மேல் வந்த கோபத்தைவிட அவர் மேல் வந்த கோபம்தான் அதிகம். தன் பங்கைக் கேட்கக்கூடத் தெரியாத மனிதர்.

மகளைக் கூப்பிட்டேன். பள்ளி கொடுத்த அட்டவணையைத் திருப்பிப் போட்டு, "நீ நேத்து முழுக்க எந்த நேரத்துல என்ன செஞ்ச, உள்ளத உள்ளபடி எழுது" என்றேன். எழுதினாள். படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலை ஆறு நாற்பதிலிருந்து எட்டரை வரை வேன். மாலை ஐந்திலிருந்து ஆறே முக்கால் வரை வேன். வேன் டிரைவர் எங்கள் ஊர்க்காரர். வண்டி ராத்திரி எங்கள் ஊரில்தான் நிற்கும். அதனால் காலையில் ஏறும் முதல் பிள்ளை இவள். பதினோரு ஊர் சுற்றிவிட்டு மாலையில் இறங்கும் கடைசிப் பிள்ளையும் இவளே. ஏழு கிலோமீட்டருக்கு ஒரு நாளில் மூன்றரை மணி நேரம். இது என் கண்ணெதிரே தினமும் நடந்ததுதான். வாசலில் நின்று கையாட்டி அனுப்பியவளும் நான்தான். ஒரு நாளாவது கூட்டிப் பார்க்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை தாளாளர் அறையில் அம்மாக்கள் தலையைக் குனிந்துகொண்டு வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். என் முறை வந்தது. கடிதத்துக்குப் பதிலாக மகள் எழுதிய தாளை அவர் முன் வைத்தேன்.

"படம் பொய்தான் சார். ஒத்துக்கிறேன். ஆனா எம் பொண்ணு நேரத்தப் போன் திங்கல. ஒங்க வேன்தான் திங்குது. காலையிலயோ சாயங்காலமோ, ஒரு நேரமாச்சும் சுத்துற வழிய மாத்திவிடுங்க."

அவர் தாளைத் தொடவில்லை. "வேன விடுங்கம்மா. ஒழுக்கம்னு ஒண்ணு இருக்குல்ல? அவங்கப்பா லீவு நாள்ல பேசட்டுமே."

"அவருக்கு லீவு வெள்ளிக்கெழம. இவளுக்கு ஞாயித்துக்கெழம. எந்த லீவுல சார் பேச?"

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. இஷ்டமில்லை என்றால் வேறு பள்ளி பார்த்துக்கொள்ளச் சொன்னார். பத்தாம் வகுப்பு நடுவில் எந்தப் பள்ளி சேர்க்கும்? ஆனாலும் நான் பின்வாங்கவில்லை. "பெயில் ஆனா டிசி குடுங்க. அப்பாகிட்டப் பேசுனதுக்கு டிசி குடுக்குறதா இருந்தா, அதையே காரணமா எழுதிக் குடுங்க" என்றேன். பின்னால் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அப்போது ஓரமாக நின்ற வகுப்பாசிரியை வாயைத் திறந்தார். எனக்கு எதிராகப் பேசப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"சார், நானும் ஒண்ணு சொல்லிக்கிறேன். நாப்பத்திரெண்டு போட்டோவையும் நான்தான் பாக்குறேன். அனுப்பாதவங்களுக்குப் போன் போடுறேன். முடிக்க ஒம்போதர ஆயிருது. எம் புள்ள யுகேஜி சார். ஒரு மாசமா அது தானாவே தூங்கிக்கிருது."

தாளாளர் மேஜையில் இருந்த கடிதங்களை அடுக்கினார், மறுபடி கலைத்து அடுக்கினார். "சரி, அப்பறம் பாப்போம்" என்றார். நான் என் கடிதத்தில் 'சம்மதம் இல்லை' என்று எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஏற்கனவே போட்டிருந்த மூன்று பேர் தங்கள் கடிதத்தைத் திருப்பிக் கேட்டார்கள்.

யாரும் எங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்து குழுவில் படம் கேட்பது நின்றுவிட்டது. இரவுப் படிப்பு விரும்புகிறவர்களுக்கு மட்டும் என்று ஆயிற்று. வேன் மட்டும் மாறவில்லை, அதனால் மகளை வேனிலிருந்து நிறுத்திவிட்டேன். இப்போது டவுன் பஸ்ஸில் இருபத்தைந்து நிமிடத்தில் போய்விடுகிறாள். மிச்சமான நேரத்தில் பாதியைத் தூங்கிக் கழிக்கிறாள். தூங்கட்டும், அது அவள் நேரம்.

கையெழுத்துக்குப் போய் வந்த அந்தச் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு அவர் அழைத்ததும் போனை நானே எடுத்துக்கொண்டு நடந்ததையெல்லாம் சொன்னேன். "எதுக்குப் புள்ள இம்புட்டுச் சண்ட?" என்றார். "கையெழுத்துப் போட்டுருன்னு சொன்னீங்கல்ல, ஒங்களோட போட வேண்டிய சண்டயும் பாக்கி இருக்கு" என்று ஆரம்பித்தேன். பத்து நிமிடம் பிடிபிடியென்று பிடித்தேன்.

மகள் அறிவியல் புத்தகத்தோடு வந்து என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"ஒங்க சண்டைய ஒம்போது மணிக்கு மேல வச்சுக்கங்கம்மா. இது எங்க நேரம். தள்ளுங்க."